இராட்சதக் கள்ளியும் ஆயா மரமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர் கல்வியின் மேன்மையைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ ஒரு முள்ளுச் செடியைப் பற்றிப் பேசப் போகிறேன். "நல்ல நாளும் அதுவுமா கள்ளியைப் பத்தியா பேசறாரு?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கள்ளி நம் வீட்டு வாசலுக்கு வரப் போவதில்லை. வந்தாலும் பிழைப்பது கஷ்டம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அதை வளர்க்கும் முறையில் பிள்ளை வளர்க்கிற நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும், அதை ஒட்டிய மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநிலத்திலும் பரந்து கிடப்பது சொனோரா பாலைவனம். அந்தப் பாலைவனத்தைத் தவிர உலகில் வேறு எங்கும் தானாக முளைக்காத ஒரு கள்ளி அங்கே உண்டு. அதன் பெயர் சவாரோ. மாணவர்களே, கௌபாய் படங்களில் குதிரைக்காரனுக்குப் பின்னால், இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு ஒரு பச்சை மனிதன் போல் நிற்குமே, அதுதான் சவாரோ.

தாவர அறிஞர்கள் 1908ஆம் ஆண்டில் அதற்குக் கார்னீஜியா என்று பெயர் சூட்டினார்கள். ஆண்ட்ரூ கார்னகி என்னும் செல்வரின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன். 13 வயதில் பஞ்சாலையில் எடுபிடிப் பையனாக வேலை செய்தவர். பின்னாளில் பெரும் பணக்காரராகி 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டுவதற்குப் பணம் கொடுத்தார். பாட்டாளி வீட்டுப் பிள்ளையின் பெயர் ஒரு மாபெரும் கள்ளிக்கு இருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கள்ளி என்றால் எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். நம் பெரியவர்கள் கள்ளி என்று சொல்வதெல்லாம் ஒரே குடும்பம் அல்ல. வேலியில் வளரும் சதுரக்கள்ளி வேறு குடும்பம். அதை ஒடித்தால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளிதான் சவாரோவின் உறவுக்காரன். இன்னோர் உறவுக்காரன் இப்போது நம் நாட்டுச் சந்தையிலேயே கிடைக்கிறான். டிராகன் பழம் சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதுவும் கள்ளிக் குடும்பம்தான். உள்ளே கறுப்புக் கறுப்பாகச் சின்ன விதைகள் இருக்கும். சவாரோவின் பழமும் அப்படித்தான். சிவந்த சதை, அதற்குள் கடுகை விடச் சிறிய கறுப்பு விதைகள்.

எட்டு வருஷத்தில் ஓர் அங்குலம்

இப்போது இதன் வளர்ச்சிக் கணக்கைக் கேளுங்கள். நம் தோட்டத்துக் கணக்கோடு ஒப்பிட்டால்தான் அதன் அருமை புரியும்.

செம்பனையை நட்டால் ஏறக்குறைய 3 ஆண்டில் குலை வெட்டலாம். பால்மரம் 5 முதல் 7 ஆண்டில் வெட்டுக்கு வரும். அதுவே நமக்கு எவ்வளவு நீண்ட காலமாகத் தெரிகிறது! சவாரோவோ முதல் 8 ஆண்டுகளில் வளர்வது ஓர் அங்குலம். மிஞ்சிப் போனால் ஒன்றரை அங்குலம். ரெண்டாம் வகுப்புப் பிள்ளையின் வயதாகும்போது அது உங்கள் சுண்டு விரலின் பாதி உயரம்தான் இருக்கும். தேடிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

முதல் பூ பூக்கச் சுமார் 35 ஆண்டுகள் ஆகும். தண்டிலிருந்து முதல் கை கிளைக்க 50 முதல் 70 ஆண்டுகள் ஆகும். மழை குறைந்த இடங்களில் 100 ஆண்டுகூட ஆகலாம். சில சவாரோக்களுக்குக் கையே வருவதில்லை. ஈட்டி நட்டது போல நேராக ஒற்றைத் தண்டாகவே கடைசி வரை நிற்கும். அதுவும் பூக்கும், காய்க்கும். 125 வயதில்தான் அதை முழுதாக வளர்ந்த மரமென்று கணக்கிடுகிறார்கள். 150 முதல் 200 ஆண்டு வரை அது வாழக்கூடும். அப்போது 40 அடிக்கு மேல் உயரம் இருக்கும். எடை 6 டன் அல்லது அதற்கும் மேல்!

1877ஆம் ஆண்டில்தான் ரப்பர் நாற்றுகள் முதன்முதலாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கின. அவற்றிலிருந்து பெருகிய மரங்களை நம்பித்தான் நம் முன்னோர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறி வந்தார்கள், காட்டை வெட்டினார்கள், தோட்டம் உண்டாக்கினார்கள். அந்த 1877இல் முளைத்த ஒரு சவாரோ இன்றைக்கும் உயிரோடு நிற்கலாம். நம்முடைய இத்தனை தலைமுறை வரலாறும் அந்த ஒரு செடியின் ஒரே ஆயுளுக்குள் அடங்கிவிடும். எண்ணிப் பாருங்கள்!

தண்ணீரைச் சேமிக்கும் சிக்கனக்காரன்

நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சவாரோக் காடு சூழ்ந்திருக்கும் டூசான் என்ற ஊரிலே பெய்யும் மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். குளிர்காலத்தில் கொஞ்சம் தூறும். கோடையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டும். மற்ற நாளெல்லாம் காய்ச்சல்தான். இதை வைத்துக்கொண்டு 6 டன் உடம்பை எப்படி வளர்ப்பது?

முதலில் வேரைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன ஆணிவேர் உண்டு. மற்ற வேர்களெல்லாம் நிலத்தில் ஒரு சாண் ஆழம்கூடப் போவதில்லை. செடி எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் அவை நாற்புறமும் பரவியிருக்கும். மழை பெய்தவுடன், தண்ணீர் ஆவியாகிப் போவதற்குள் அவை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்து உடம்பைப் பாருங்கள். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். அது போல் சவாரோவின் தோலில் மேலிருந்து கீழ் வரை மடிப்பு மடிப்பாக இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் மடிப்பு விரிந்து செடி பருக்கும். வறட்சி வந்தால் மடிப்பு ஆழமாகி உடம்பு ஒட்டும். உள்ளே மூங்கில் பிளாச்சு போன்ற கட்டைகள் வரிசையாக நின்று அவ்வளவு எடையையும் தாங்குகின்றன.

மூன்றாவதாக, அது மூச்சு விடும் நேரம். மற்ற மரங்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். சவாரோ பகல் முழுவதும் துளைகளை மூடிக்கொண்டு, இரவு குளிர்ந்த பிறகுதான் திறக்கும். வெயிலில் ஒரு சொட்டு நீரும் வீணாகக் கூடாது என்ற சிக்கனம்! இந்த இரவு மூச்சை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படிச் சேமித்ததைத் தான் மட்டும் வைத்துக்கொள்கிறதா? இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வெள்ளைப் பூக்கள் இரவில் மலர்ந்து மறுநாள் வாடிவிடும். அதற்குள் வௌவாலும், புறாவும், தேனீயும் வந்து தேன் குடித்துப் போகும். மரங்கொத்தி அதன் தண்டில் பொந்து கொத்தும். சவாரோ அந்தக் காயத்தைச் சுற்றிக் கெட்டியான தழும்பை வளர்த்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். மரங்கொத்தி விட்டுப் போன பொந்தில், சிட்டுக்குருவி அளவேயான ஒரு குட்டி ஆந்தை குடியேறும். முள் நிறைந்த உடம்புதான். ஆனாலும் எத்தனை பேருக்கு வீடு!

ஆயா மரம்

மாணவர்களே, ஒரு கணக்குக் கேட்கிறேன். ஒரு சவாரோப் பழத்தில் சுமார் 2,000 விதைகள். ஒரு மரம் தன் வாழ்நாளில் 4 கோடி விதைகள் வரை, அதாவது 40 மில்லியன் வரை, கொடுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாலைவனத்தில் நடக்க இடமில்லாமல் சவாரோ நிறைந்திருக்க வேண்டுமே? ஏன் இல்லை?

எறும்பு தின்கிறது, பறவை தின்கிறது, எலி தின்கிறது. தப்பி முளைத்ததை வெயில் பொசுக்குகிறது. அங்கே குளிர்காலத்து இரவில் உறைபனியும் விழும். அது மிச்சத்தைக் கருக்குகிறது. திறந்த வெளியில் விழுந்த விதை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பிறகு எதுதான் பிழைக்கிறது? வேறொரு மரத்தின் நிழலில் விழுந்த விதைதான். அங்கே பாலோ வெர்டே என்று பச்சைப் பட்டை உள்ள ஒரு மரம் உண்டு. இரும்பு மரம் என்று ஒன்று உண்டு. மெஸ்கீட் என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் சீமைக்கருவேலம் என்கிறார்களே, அதன் பங்காளி. பெரிய அழகு மரங்கள் இல்லை. சாதாரண முள் மரங்கள்தான். அவற்றின் அடியில் விழுந்த சவாரோ விதைக்குப் பகலில் நிழல் கிடைக்கிறது. இரவில் நிலத்தின் சூடு முழுதும் ஓடிப் போகாமல் கிளைகள் போர்வை போல் தடுக்கின்றன. எலி, முயல் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கவும் முடிகிறது.

இந்த மரங்களை அவ்வூர் அறிஞர்கள் தாதி மரம் என்கிறார்கள். நம் தோட்டத்து வார்த்தையில் சொன்னால் ஆயா மரம். பெரியவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியும் முன்பே தாய் பால் வெட்டப் போவாள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு ஆயாவே எல்லாம். அந்த ஆயா பள்ளிக்கூடம் போனவளாக இல்லாதிருக்கலாம். ஆனால் அவள் கை பட்டு வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியரானார்கள், மருத்துவரானார்கள்.

சவாரோவுக்குப் பல ஆண்டுகள் இந்த ஆயா மரம் வேண்டும். பிறகு அது தலைக்கு மேலே வளர்ந்துவிடும். அப்போது ஒரு வருத்தமான காரியமும் நடப்பதுண்டு. மேலாகப் பரவிய சவாரோவின் வேர்கள் மழைத் தண்ணீரை முந்திக் குடித்துவிடும். வயதான ஆயா மரம் தாகத்தால் வாடி, சில வேளை பட்டுப் போகும். சவாரோ மட்டும் தனியாக ஓங்கி நிற்கும். அதைப் பார்க்கிறவர்கள், "அடேயப்பா, யாருடைய துணையும் இல்லாமல் இந்த வெயிலில் எப்படி வளர்ந்தது!" என்று வியப்பார்கள். துணை இருந்தது. அது இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் இல்லாத காடு

இனி நான் சொல்லப் போவது நடந்த வரலாறு. பெற்றோர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

டூசானுக்குக் கிழக்கே சவாரோக்கள் அடர்ந்து நின்ற ஒரு காட்டை 1933ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான இராட்சதக் கள்ளிகள் நின்ற அற்புதமான காடு. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்தப் பெரிய மரங்கள் அழுகிச் சாயத் தொடங்கின. தொற்றுநோய் வந்துவிட்டதென்று பயந்தார்கள். 1940களில் நோய் கண்ட கள்ளிகளை வெட்டிப் புதைத்தார்கள். பெனிசிலின் மருந்தைக்கூடச் சோதித்துப் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தக் காடே இருக்காது என்று பலர் அஞ்சினார்கள்.

பின்னால் நிதானமாக ஆராய்ந்தபோது வேறு உண்மை தெரிந்தது. பெரிய மரங்கள் செத்ததற்குக் காரணம் முதுமையும், 1937ஆம் ஆண்டின் கடும் உறைபனி போன்ற குளிரும். அழுகல் கிருமி கடைசியில் வந்து சேர்ந்த ஒன்று. வயதானவை சாவது இயற்கை. உண்மையான துன்பம் என்னவென்றால், அவற்றின் இடத்தை நிரப்ப அந்தக் காட்டில் இளஞ்செடிகள் இல்லை!

ஏன் இல்லை? 1880களிலிருந்தே அங்கே மாடுகளை மேய விட்டிருந்தார்கள். அவை சின்னச் செடிகளை மிதித்தன. சுண்ணாம்புச் சூளைக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டுமென்று ஆயா மரங்களை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சவாரோவை யாரும் வெட்டவில்லை. அதை எல்லாரும் அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். காலடியில் இருந்த முள் மரத்தைத்தான் பெரிதாக நினைக்கவில்லை. நிழல் போனது; நிழலோடு அடுத்த தலைமுறையும் போனது.

விறகு வெட்டுவது நின்றது. 1970களின் இறுதிக்குள் மாடு மேய்ச்சலும் நின்றது. ஆயா மரங்கள் திரும்ப வளர்ந்தன. நல்ல மழையும் பெய்த ஆண்டுகளில் அவற்றின் அடியில் குட்டிச் சவாரோக்கள் தலை காட்டின. 1994இல் அந்த இடம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. அழிந்துவிடும் என்று சொன்ன காட்டில் இன்று பிள்ளைகள் நிற்கின்றன. ஊசி மருந்து அதைச் செய்யவில்லை. நிழலைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றதை அவை தாமே பார்த்துக்கொண்டன.

கையால் வளர்க்கும் முறை

அங்கே நாற்றுப் பண்ணைகளில் சவாரோவை விதை போட்டும் வளர்க்கிறார்கள். அதன் பக்குவத்தைச் சொல்கிறேன். நாற்று மேடையில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

மணலும் பொடிக்கல்லும் கலந்த, தண்ணீர் தங்காத மண் வேண்டும். விதையைப் புதைக்கக் கூடாது. மண்ணின் மேலேயே தூவி இலேசாக அழுத்தினால் போதும். முளைப்பதற்கு அதற்கு வெளிச்சம் தேவை. ஈரம் காயாமல் மேலே கண்ணாடி வைத்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைப்பார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பருத்த இரண்டு இலைகளோடு முளை வரும். நடுவில் பூனை முடி போல் முள் தெரியும். பிறகு மூடியைக் கொஞ்சங் கொஞ்சமாக விலக்க வேண்டும்.

நாற்றை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. பாதி நிழல் வேண்டும். அங்கே ஆயா மரம் செய்த வேலையை இங்கே நிழல் வலை செய்கிறது. மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். குளிர்காலத்தில் இன்னும் குறைக்க வேண்டும். "பாவம், பாலைவனத்துச் செடி, தாகமாயிருக்கும்" என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். நம் ஊரில் வெளியே நட்டால் பிழைப்பது கஷ்டம் என்று சொன்னேனே, காரணம் இதுதான். நம் மழை அதற்குச் செல்லம் கொடுத்தே கொன்றுவிடும்.

வளர வளரத் தொட்டியை மாற்ற வேண்டும். அதுவும் ஒரே தாவாக அண்டாவில் வைக்காமல், ஒரு சுற்றுப் பெரிய தொட்டியாகப் பார்த்து மாற்ற வேண்டும். நிலத்தில் நடும்போது முன்பிருந்த ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. இன்னொரு நுட்பம் உண்டு. பெயர்த்தெடுக்கும் முன் தெற்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளம் போடுவார்கள். புதிய இடத்திலும் அதே பக்கம் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். வெயிலைத் தாங்கிப் பழகிய தோல் அந்தப் பக்கம்தான். திருப்பி நட்டால், பழகாத தோல் வெந்துவிடும்.

நன்றாக வேர் ஊன்றிய பெரிய சவாரோவுக்குப் பெரும்பாலும் மழையே போதும். ஆனால் பெரிய மரத்தைப் பெயர்த்து நடுவது ஆபத்து. வேர் அறுந்து உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாலும், சேமித்த தண்ணீரைக் கொண்டு சில ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். வெளியே பார்த்தால் நலம் போலத் தெரியும். அதனால் அனுபவசாலிகள் பச்சையை மட்டும் பார்த்து ஏமாறுவதில்லை; பல ஆண்டுகள் வரை கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அரிசோனாவில் காட்டுச் சவாரோவை அனுமதியில்லாமல் பெயர்ப்பது சட்டப்படி குற்றம்.

அந்த மண்ணின் மக்கள்

அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளில் ஓர் இனத்தாருக்கு டொஹோனோ ஓதாம் என்று பெயர். பாலைவன மக்கள் என்பது அதன் பொருள். அவர்களுக்குச் சவாரோ வெறும் செடியன்று. மனிதரைப் போல மதிக்கும் ஓர் உறவு. ஜூன் கடைசியில் பழம் பழுக்கும். காய்ந்து விழுந்த சவாரோவின் உட்கட்டைகளையே ஒன்றோடொன்று கட்டி நீண்ட தொரட்டியாக்கி, அதனால் பழத்தைத் தட்டி எடுப்பார்கள். செம்பனைக் குலையை நீளக் கழியால் அறுக்கும் நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல. பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். முதல் பழத்தின் தோலை, உட்புறச் சிவப்பு வானத்தைப் பார்க்கும்படி மண்ணில் வைப்பது அவர்கள் வழக்கம். அது மழையை அழைக்கும் வேண்டுதல். பழக் காலத்தோடுதான் அவர்களுக்குப் புத்தாண்டு பிறக்கிறது. நாம் தைப் பொங்கலில் பானை வைத்துச் சூரியனைக் கும்பிடுவது போல, அவர்கள் கள்ளிப் பழத்தை வைத்து மேகத்தைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த மேகம் இப்போது சரியாக வருவதில்லை. 1990களின் நடுவிலிருந்து நீண்ட வறட்சி. பெரிய மரங்கள் தாக்குப் பிடிக்கின்றன. புதிய குட்டிகள் மறுபடி அரிதாகிவிட்டன. மாட்டுத் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்த ஒரு புல் மலைச்சரிவெல்லாம் பரவி, தீப்பிடித்தால் கள்ளிக் காட்டையே எரிக்கிறது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரிக்கு மேல் போனது. இரவிலும் சூடு தணியவில்லை. சவாரோ இரவில்தான் மூச்சு விடும் என்று சொன்னேன் அல்லவா? இரவும் கொதித்தால் அது எப்போது மூச்சு விடும்? கைகள் ஒடிந்து விழுந்தன. சில மரங்கள் முழுதாகவே சாய்ந்தன. நூறு ஆண்டுகளைத் தாங்கிய உடம்பு!

அங்கே தன்னார்வத் தொண்டர்கள் அந்தப் புல்லை வேரோடு பிடுங்குகிறார்கள். இன்று ஒரு குட்டிச் சவாரோவைக் காப்பாற்றுகிறவர் அதன் முதல் கையைப் பார்க்க உயிரோடு இருக்க மாட்டார். தெரிந்தும் செய்கிறார்கள்.

நமக்கு என்ன?

பெற்றோர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமாரப் பாராட்டுவோம். அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த பரிசு அது. ஆனால் பரிசு வாங்காமல் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது, "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்று சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை இப்போது ஓர் அங்குலச் சவாரோவாக இருக்கலாம். 8 வயதில் அதை அளந்து, "இது தேறாது" என்று பிடுங்கி எறிந்திருந்தால், 6 டன் மரம் ஏது? பொறுமை என்றால் சும்மா இருப்பதென்று பொருளல்ல. நிழல் கொடுக்க வேண்டும். இரவில் விளக்குப் போட்டு, அது புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பாலோ வெர்டே மரத்துக்கும் சவாரோவாக இருக்கத் தெரியாது. நிழல் தரத் தெரியும்; அது போதுமானதாயிருந்தது.

இந்தப் பள்ளிக்கூடமும் ஓர் ஆயா மரம்தான். பெரிய கட்டடமும் பெரிய பெயரும் உள்ள இடங்களை அண்ணாந்து பார்க்கும்போது, காலடியில் நிழல் தரும் மரத்தை மறந்துவிட வேண்டாம். பல தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் இல்லாத காட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் இப்போது கேட்டீர்கள்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஒரு நாள் ஓங்கி வளர்வீர்கள். சவாரோவுக்குத் தன் ஆயா மரம் வாடுவது தெரியாது. அதற்குக் கண் இல்லை. உங்களுக்குக் கண் இருக்கிறது. உங்களுக்கு நிழல் தந்தவர்கள் வயதாகி வாடும்போது, அவர்கள் வேருக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் தருகிறேன். அடுத்த முறை டிராகன் பழம் சாப்பிடும்போது பத்து விதைகளை எடுத்துக் கழுவி, மணல் கலந்த மண் மேல் தூவி, நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும் அந்தச் சின்ன முள் குழந்தையைத் தினமும் பாருங்கள், தினமும் அளக்காதீர்கள். அது சவாரோ ஆகாது. ஆனால் சவாரோவின் பங்காளி. அதைக் காப்பாற்றப் பழகிய கை, பிற்காலத்தில் எதையும் காப்பாற்றும்.

 பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். இனிமேல் பெறப் போகும் பிள்ளைகளுக்கும் வாழ்த்துகள்.